கேஸ் வேலைக்கு வருபவரின் கார்டைத் திருப்பிப் பாருங்கள்

பிரிட்டனில் வீட்டைச் சூடாக்கி வெந்நீர் தரும் பாய்லர் நின்றுபோனால்தான் நம்மில் பலருக்கும் கேஸ் இன்ஜினியர் ஞாபகமே வரும். அதுவும் சரியாக ஜனவரியில், வீட்டில் கைக்குழந்தையோ ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ இருக்கிற நேரம் பார்த்துத்தான் நிற்கும். உடனே வாட்ஸ்அப் குழுவில் "யாராவது நல்ல ஆள் தெரியுமா" என்று போடுவோம், பத்து நிமிடத்தில் மூன்று நம்பர் வந்து விழும், யார் முதலில் போனை எடுக்கிறாரோ அவரை வரச்சொல்லிவிடுவோம். நம்பர் கொடுத்தவர் நல்லவர்தான், வருகிறவரும் அநேகமாக நல்லவர்தான். ஆனால் அவர் உங்கள் பாய்லரில் கைவைக்கத் தகுதி உள்ளவரா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும், பைசா செலவில்லை. பிரிட்டனில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. இங்கே வீட்டு கேஸ் வேலையைத் தொழிலாகச் செய்பவர்கள் எல்லோரும் கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டில் இருந்தாக வேண்டும். 1998-ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகளின் கீழ் இது கட்டாயம். ரொம்ப நாளாக இங்கே இருப்பவர்கள் இன்னமும் "கார்கி ஆளா?" என்று கேட்பார்கள். கார்கி என்பது பழைய பதிவேடு. அதன் இடத்துக்கு 2009 ஏப்ரல் 1-ஆம் தேதி கேஸ் சேஃப் வந்துவிட்டது, வட அயர்லாந்தில் மட்டும் அடுத்த வருடம். ஆகவே இன்றைக்கு யாராவது கார்கி சான்றிதழைக் காட்டி "நான் பதிவு செய்தவன்" என்றால், அவர் அனுபவசாலியாக இருக்கலாம், ஆனால் அந்தக் காகிதத்துக்கு இப்போது மதிப்பில்லை.

வேனில் மஞ்சள் முக்கோணம் ஒட்டியிருப்பதும் விசிட்டிங் கார்டில் அதே படம் இருப்பதும் ஒன்றையும் நிரூபிக்காது. படத்தை யார் வேண்டுமானாலும் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். தமிழ்க் கடை வாசலில் ஒட்டிய நோட்டீஸுக்கும் இதே கதைதான்.

இரண்டு எண்கள் இருக்கின்றன

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் கூட. கேஸ் சேஃப் பதிவில் நிறுவனத்துக்கு ஒரு பதிவு எண் உண்டு, அங்கே வேலை செய்யும் ஒவ்வொரு இன்ஜினியருக்கும் தனியாக ஒரு லைசென்ஸ் எண் உண்டு. விளம்பரத்திலும் வேனிலும் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் எண். அதை இணையத்தில் போட்டுப் பார்த்தால் "ஆமாம், இந்த நிறுவனம் பதிவில் இருக்கிறது" என்று வரும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். ஆனால் உங்கள் வீட்டுக்கு வரப்போவது நிறுவனம் இல்லையே, ஒரு ஆள்தானே. முதலாளி பதிவில் இருப்பார், அன்றைக்கு அவருக்கு வேறு இடத்தில் வேலை, மச்சினனை அனுப்பிவைப்பார். மச்சினன் கைவேலை தெரிந்தவர், பைப் வேலை கச்சிதமாகச் செய்வார், ஆனால் அவர் பெயரில் லைசென்ஸ் இல்லை என்றால் கேஸில் அவர் கைவைக்கக் கூடாது. "நான் செய்துவைக்கிறேன், அண்ணன் சாயங்காலம் வந்து கையெழுத்துப் போட்டுவிடுவார்" என்பதும் செல்லாது. தான் செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பதை கேஸ் சேஃப் ஏற்பதில்லை. வேலை கற்றுக்கொள்கிறவர் கூட வரலாம், தவறில்லை, ஆனால் தகுதியுள்ளவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வேனில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டு இருக்கக் கூடாது.

ஆகவே போனில் பேசும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: வீட்டுக்கு வரப்போவது நீங்களா, வேறு யாராவதா? வருகிறவரின் லைசென்ஸ் எண் என்ன? ஒழுங்கான ஆளுக்கு இதில் கோபமே வராது, மனப்பாடமாகவே எண்ணைச் சொல்லிவிடுவார். "அதெல்லாம் இருக்கும்மா, வரும்போது காட்டுறேன்" என்று இழுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கார்டில் என்ன பார்ப்பது

பதிவில் உள்ள ஒவ்வொருவரிடமும் கேஸ் சேஃப் அடையாள அட்டை இருக்கும். முன்பக்கத்தில் அவருடைய போட்டோ, பெயர், நிறுவனத்தின் பெயர், நிறுவனப் பதிவு எண், அப்புறம் ஏழு இலக்க லைசென்ஸ் எண், அட்டை எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரம். போட்டோவும் எதிரில் நிற்கிறவரும் ஒருவர்தானா என்று பாருங்கள், சொல்ல வெட்கமாக இருந்தாலும் இதைத்தான் நாம் செய்யாமல் விடுகிறோம். தேதியைப் பாருங்கள். பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், ஆகவே போன வருட அட்டையோடு ஒருவர் வந்தால் "புதுசு தபாலில் வருது" என்பது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை அவர் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டாம், இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து அட்டையைத் திருப்புங்கள். முக்கியமான விஷயம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. இவர் எந்தெந்த கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். பாய்லர், குக்கர், அறையைச் சூடாக்கும் கேஸ் ஃபயர், மீட்டர் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. வீட்டு வேலை தனி, வணிக இடங்களின் வேலை தனி. குழாயில் வரும் இயற்கை எரிவாயு தனி, சிலிண்டரில் வரும் எல்பிஜி தனி. கார் ஓட்டும் லைசென்ஸை வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியாது என்பதுபோல, குக்கர் மாட்டத் தகுதி உள்ளவர் பாய்லரைத் திறக்க முடியாது.

நம்மவர்களிடையே இது அடிக்கடி சிக்கலாகும் ஒரு இடம் உண்டு. தெரிந்த ஒருவர் உணவகம் நடத்துவார், அவருடைய சமையலறையில் பெரிய அடுப்புகளைப் பொருத்திக்கொடுத்த ஒரு ஆள் இருப்பார், "பத்து வருஷமாக இவர்தான் பார்க்கிறார், ஒரு குறை கிடையாது" என்று உங்களுக்குச் சிபாரிசு செய்வார். உணவக அடுப்புகளுக்கான தகுதி முற்றிலும் வேறு. அந்தத் தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு பாய்லரைத் தொட அவருக்கு அனுமதியில்லை, அதேபோல வீட்டு இன்ஜினியர் உணவக அடுப்பைத் தொடவும் அனுமதியில்லை. இரண்டும் வைத்திருப்பவர்கள் உண்டு. அட்டையின் பின்பக்கம் அதைச் சொல்லிவிடும்.

இந்தத் தகுதிகளுக்கு ஏ.சி.எஸ். என்ற தேர்வு முறை இருக்கிறது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எழுதித் தேற வேண்டும். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவருக்கும் விலக்கு கிடையாது. சிலர் அடிக்கடி வராத வேலைக்கான தேர்வை, உதாரணமாக கேஸ் ஃபயரை, புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள். அதனால் மூன்று வருடம் முன்பு உங்கள் கேஸ் ஃபயரைப் பார்த்துக்கொடுத்தவரே இன்று அதைப் பார்க்க முடியாதவராக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் பாருங்கள் என்று சொல்வது அதனால்தான்.

அட்டையைப் பார்த்தாயிற்று, அட்டையே போலியாக இருந்தால்? கேஸ் சேஃப் ரெஜிஸ்டரின் இணையதளத்துக்குப் போய் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அவர் பெயர், எந்த நிறுவனம், என்னென்ன வேலைக்குத் தகுதி எல்லாம் வரும். இணையம் ஒத்துவராவிட்டால் 0800 408 5500 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். அட்டையை போனில் காட்டுகிறவர்களும் உண்டு, அப்போதும் எண்ணை வாங்கி நீங்களே தேடிப் பாருங்கள், அவர் காட்டும் திரையை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். இணையதளத்தின் முகவரியையும் நீங்களே தட்டுங்கள், அவர் அனுப்பும் லிங்கைத் தொட்டுப் போக வேண்டாம். யாருடைய நம்பரும் கையில் இல்லாவிட்டால், அதே தளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டுப் பக்கத்தில் பதிவில் உள்ளவர்களையே தேடிக்கொள்ளலாம்.

எதற்கு இவர் வேண்டும், எதற்கு வேண்டாம்

எல்லாவற்றுக்கும் கேஸ் சேஃப் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ரேடியேட்டர் மாற்ற, குழாய் ஒழுகலை அடைக்க, சாதாரண பிளம்பர் போதும். தெர்மோஸ்டாட் வயரிங் எலக்ட்ரீஷியன் வேலை. கிராமப்புறத்தில் எண்ணெயில் ஓடும் பாய்லர் இருந்தால் அதற்குத் தேட வேண்டியது ஆஃப்டெக் பதிவு உள்ளவரை, விறகு அடுப்பு என்றால் ஹெட்டாஸ். அழுத்தத்தில் வெந்நீர் தேக்கும் பெரிய சிலிண்டர் அலமாரியில் இருந்தால் அதற்கு ஜி3 என்று தனித் தகுதி உண்டு, கேஸ் சேஃப் அட்டை மட்டும் இருந்தால் போதாது.

கேஸ் வேலை என்றே தோன்றாமல் நடக்கும் கேஸ் வேலைகள்தான் ஆபத்து. புதுச் சமையலறை போடும்போது கிச்சன் ஃபிட்டர் பழைய ஹாபை, அதாவது மேடையில் பதித்த கேஸ் அடுப்பைக் கழற்றி, மேடைக் கல்லை வைத்து, புதியதை மாட்டிவிட்டுப் போவார். கழற்றுவதும் மாட்டுவதும் கேஸ் வேலை, அவருக்கு அட்டை இல்லையென்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆளை வரவழைக்கச் சொல்லுங்கள், விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் நம் ஆட்களுக்கே உரிய ஒன்று: மீன் வறுக்கவும் பண்டிகைக்கு அண்டா வைக்கவும் தோட்டத்தில் ஒரு ஷெட் போட்டு, வீட்டு கேஸ் பைப்பிலிருந்து ஒரு கிளை இழுத்துக்கொள்வது. ஆசை நியாயமானதுதான், வீடெல்லாம் வாசனை அடிக்காது. ஆனால் அந்தக் கிளைக் குழாய் எந்த அளவு தடிமனில் இருக்க வேண்டும், அது போட்டபின் பாய்லருக்குப் போதுமான அழுத்தம் கிடைக்குமா, ஷெட்டுக்குள் காற்றோட்டம் போதுமா என்பதெல்லாம் கணக்குப் போட்டுச் செய்யும் வேலை. கட்டிட வேலைக்கு வந்தவர் போகிற போக்கில் செய்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

வேலை நடக்கும்போது

அட்டை சரியாக இருக்கிறது, உள்ளே விட்டாயிற்று. இனி அவர் வேலையைச் செய்யட்டும், தலைமேல் நிற்க வேண்டாம், ஆனால் டீ கொடுக்கிற சாக்கில் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். ஒரு கேஸ் சாதனத்தில் வேலை செய்தபின் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அதே 1998 விதிகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள்: புகை ஒழுங்காக வெளியே போகிறதா, எரிவதற்குக் காற்று வருகிறதா, அழுத்தமோ எரியும் அளவோ சரியா, பாதுகாப்பாக இயங்குகிறதா. வெறும் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அழுத்தம் பார்க்க ஒரு மானோமீட்டர் கொண்டுவருவார், மீட்டர் பெட்டி அருகே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தபடி எண் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று குறித்துக்கொள்வார். பாய்லர் சர்வீஸ் என்றால் கையில் அடங்கும் ஒரு கருவி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், நுனியில் உலோகக் குச்சி. அதை பாய்லரின் புகைக்குழாயில் உள்ள சிறு துளையில் செருகிச் சில நிமிடம் காத்திருப்பார். கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு, இரண்டுக்கும் விகிதம் என்ன என்று கருவி சொல்லும், பல கருவிகள் கடைப் பில் மாதிரி ஒரு துண்டுச் சீட்டும் அச்சடித்துத் தரும். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, அல்லது போட்டோ எடுத்து, வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் துடைத்து, பட்டனை இரண்டு தடவை அழுத்தி, "எல்லாம் சூப்பர்" என்று சொல்லிவிட்டுக் காசு கேட்கிறவர் சர்வீஸ் செய்யவில்லை, நலம் விசாரித்துவிட்டுப் போகிறார்.

சில நேரம் நல்ல இன்ஜினியர் கெட்ட செய்தி சொல்வார். உங்கள் சாதனம் உடனடி ஆபத்து, அல்லது ஆபத்துக்கு வாய்ப்பு உள்ளது என்று வகைப்படுத்தி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, உங்கள் சம்மதத்தோடு அணைத்துவிட்டுப் போவார். குளிரில் கோபம் வரும்தான். புது பாய்லர் விற்கத் தந்திரம் செய்கிறாரோ என்று சந்தேகமும் வரும், அது முற்றிலும் ஆதாரமற்ற சந்தேகம் என்று நான் சொல்ல மாட்டேன். காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, வேறொரு பதிவுள்ள ஆளிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். அதுவரை அதைத் திரும்ப ஆன் செய்யாதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள்

வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒருமுறை கேஸ் சாதனங்களைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும், இது சட்டம். சோதனை முடிந்து 28 நாளுக்குள் உங்களுக்கு ஒரு நகல் தர வேண்டும், புதிதாகக் குடிவருகிறவருக்கு உள்ளே வருமுன்பே. இதைத்தான் எல்லோரும் சி.பி.12 என்கிறார்கள். ஒரு அறையை மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும், கேட்க உரிமை உண்டு. வீட்டுக்காரர் நம் ஊர்க்காரர், "அங்கிள்" என்று கூப்பிடுகிற உறவு, எப்படிக் கேட்பது என்று தயங்கி விட்டுவிடுகிறார்கள். "அங்கிள், கேஸ் சர்டிபிகேட் காப்பி ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்களேன், ஃபைலுக்கு வேணும்" என்று கேட்டால் போதும், யார் மனமும் நோகாது.

வந்ததும் அப்படியே மூடி வைத்துவிடாதீர்கள். அதில் முகவரி, சோதித்த தேதி, எந்தச் சாதனம் எந்த இடத்தில், குறை ஏதாவது கண்டார்களா, சோதித்தவர் பெயர், கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்கும். அந்த எண்ணைத்தான் முன்னே சொன்ன தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். இன்னொரு எளிய சோதனையும் உண்டு: சான்றில் பாய்லர் மட்டும் இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரர் கொடுத்த கேஸ் ஹாபும் சமையலறையில் இருக்கிறது என்றால், அதை யார் பார்த்தார்கள்? சோதனை நடந்ததாகச் சொல்லும் அன்று வீட்டுக்கு யாருமே வரவில்லை என்றால், இன்னும் நேராகவே கேட்கலாம். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் போல நிலையாகப் பொருத்திய எரிபொருள் சாதனம் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் வீட்டுக்காரரின் கடமை, சமையல் அடுப்புக்கு மட்டும் விலக்கு. சொந்த வீட்டில் இருப்பவர்களும் ஒன்று வாங்கி மாட்டுங்கள், பி.எஸ். இ.என். 50291 என்ற தர எண் அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புது பாய்லர் போட்டால்

இதில் வேலை முடிந்தபிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புது பாய்லர் பொருத்தினால் உள்ளூர் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும், இன்ஜினியர் அதை கேஸ் சேஃப் வழியாக 30 நாளுக்குள் செய்வார். பிறகு கட்டிட விதிகளின்படி வேலை நடந்தது என்ற சான்றிதழ் உங்களுக்கு வந்து சேரும். வரவில்லையென்றால் சும்மா இருக்காதீர்கள், கேளுங்கள். பதிவில் இல்லாத ஒருவரால் இதைத் தெரிவிக்கவே முடியாது, அதனால் அட்டையில் ஏமாந்தவர்கள் கூட இந்த இடத்தில் பிடித்துவிடலாம். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்கும் காகிதங்களில் இதுவும் ஒன்று. பாய்லர் கையேட்டில் பெஞ்ச்மார்க் என்ற பக்கமும் இருக்கும், அதை இன்ஜினியர் நிரப்பித் தர வேண்டும். வாரண்டியில் தகராறு வந்தால் கம்பெனி அதைத்தான் கேட்கும்.

ஏமாந்தது தெரிந்தால் என்ன செய்வது

வந்தவர் பதிவில் இல்லை என்று தெரிந்தால், வாக்குவாதம் வேண்டாம். "இன்னொரு நாள் பார்த்துக்கலாம் தம்பி" என்று அனுப்பிவிடலாம். ஏற்கெனவே வேலை செய்துவிட்டுப் போயிருந்தால், அந்தச் சாதனத்தை அணைத்துவிட்டு, பதிவுள்ள ஒருவரை வைத்துச் சோதியுங்கள், பிறகு கேஸ் சேஃபிடம் புகார் கொடுங்கள். பதிவில் உள்ளவரே மோசமாகச் செய்திருந்தாலும் அவர்களிடம் சொல்லலாம், ஆளை அனுப்பி இலவசமாகப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. பதிவில்லாமல் வேலை செய்தவர்கள் மீது பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹெச்.எஸ்.இ. வழக்குப் போட்டு, சிறைக்குப் போனவர்களும் உண்டு. "பாவம், குடும்பஸ்தன், பிழைத்துப் போகட்டும்" என்று நாம் விட்டால் அவர் அடுத்துப் போகிற வீட்டிலும் ஒரு குடும்பம்தான் இருக்கிறது.

கேஸ் வாசனை அடித்தால் இதெல்லாம் பிறகு. ஜன்னலைத் திறந்து, மீட்டர் பக்கத்தில் உள்ள கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி அடைத்து, எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, வெளியிலிருந்து 0800 111 999-க்குக் கூப்பிடுங்கள், வட அயர்லாந்தில் 0800 002 001. வாசனையே இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், வெளியே போனால் சரியாகிறது, உள்ளே வந்தால் திரும்புகிறது என்றாலும் அடுப்பு, பாய்லர் எல்லாவற்றையும் அணைத்து வெளியே வந்து இதே எண்தான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. டாக்டரிடமும் அதைச் சந்தேகப்படுவதாக வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.